ஜும்மா நேரத்துச் சார்ட்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகால் ஆனால் என் கணவர் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கைலியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, மணிக்கட்டில் அத்தரைத் தடவிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் நாற்காலியை எனக்காகத் திருப்பி வைப்பார். "பார்த்துக்க" என்பார். அவ்வளவுதான். செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதில் போய் உட்காருவேன்.

பங்குச் சந்தைக்கு ஜும்மா கிடையாது. காலை ஒன்பதேகாலுக்குத் திறந்தால் மாலை மூன்றரை வரை, யார் தொழப் போனாலும் போகாவிட்டாலும் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். அதனால் வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரம் என் பொறுப்பு. அடுப்பில் வெள்ளிக்கிழமைக் கறி கொதிக்கும். ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே. டெக்னிக்கல் அனாலிசிஸ் எங்கே படித்தீர்கள் என்று யாராவது என்னைக் கேட்டால், கறி கொதிக்கிற நேரத்தில் படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இதுவரை யாரும் கேட்டதில்லை.

எங்கள் ஊர் முத்துப்பேட்டை போகிற வழியில், காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எட்டிப் பார்க்கிற கடைமடைப் பக்கம். வெளிநாட்டில் சம்பாதிக்கும் ஆண்களை எங்களில் சபராளி என்பார்கள். என் கணவர் இருபது வருஷத்துக்கு மேலாகச் சபராளியாக இருந்தார். வளைகுடாவில் ஒரு கம்பெனிக் கிட்டங்கியில் சாமான் இறக்கி ஏற்றுவதைப் பார்த்துக்கொள்கிற வேலை. இரண்டு வருஷம் அங்கே, இரண்டு மாசம் இங்கே. அந்த இரண்டு மாசத்தில் முதல் வாரம் விருந்தாளி மாதிரி இருப்பார், கடைசி வாரம் பெட்டி கட்டுவார். நடுவில் மிஞ்சுவதைத்தான் குடும்பம் நடத்தினேன் என்று நான் சொல்லிக்கொள்ள வேண்டும். மகள் பிறந்தபோது அவர் இல்லை. அவள் பெரியவளானபோதும் இல்லை. கல்யாணத்துக்கு வந்தார், வலீமா விருந்து முடிந்த மறுவாரமே விமானம் ஏறிவிட்டார். அவள் இப்போது பட்டுக்கோட்டையில் மாமியார் வீட்டில் இருக்கிறாள்.

போன வருஷம் குறுவை நடவு சமயத்தில் முட்டி வலி என்று லீவில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. லீவு முடிகிற வாரத்தில் நான் வழக்கம்போலப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். "மேல வையி" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு உட்கார வைத்துச் சொன்னார்.

"அங்க ரூம்ல நாலு வருஷமா ஷேர் மார்க்கெட் பத்திக் கத்துக்கிட்டிருக்கேன். சார்ட் பார்க்க வரும். இங்க உக்காந்தே பார்க்கலாம். சம்பா அறுப்புக்குள்ள இது மாசச் சம்பளம் மாதிரி வந்துடணும். வந்துட்டா இங்கேயே இருந்துடுறேன். வரலேன்னா ஏறிடுறேன். மேனேஜர் அதுவரைக்கும் எடம் வச்சிருக்கேன்னு சொல்லியிருக்கார்."

வேறு ஏதாவது செய்யலாமே என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டு ரோட்டில் ஒரு கடை போடலாம் என்றேன். அந்த ரோட்டில் ஏற்கெனவே திரும்பி வந்த சபராளிகள் போட்ட கடைகள்தான் வரிசையாக இருக்கின்றன, ஒருவர் கடையில் இன்னொருவர் உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்றார். அது உண்மைதான். அவருடைய அத்தா விட்டுப்போன வயலும் குத்தகையில் இருந்தது, இந்த முட்டியோடு சேற்றில் இறங்க முடியாது. சரி என்றேன்.

எனக்கு அவர் இருக்க வேண்டும். காரணம் கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் ஒரு மனுஷன் இருமுகிற சத்தம் கேட்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நான் கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும். இதற்காக ஷேர் மார்க்கெட் என்ன, சர்க்கஸ் கம்பெனி வைத்தாலும் சரி என்று சொல்லியிருப்பேன்.

ஜன்னலோர மேஜையிலிருந்த என் தையல் மெஷின் நடைக்குப் போனது. மேஜைக்குக் கம்ப்யூட்டரும் இரண்டு திரைகளும் வந்தன. முதல் வாரம் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார், வெள்ளிக்கிழமை உட்கார ஆள் வேண்டுமே. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கேண்டில் என்றார். மெழுகுவர்த்தி என்றதும் எனக்கு வேளாங்கண்ணிதான் ஞாபகம் வந்தது. விலை ஏறி முடிந்தால் பச்சை, இறங்கி முடிந்தால் சிவப்பு. மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கிற திரி, அன்றைக்கு விலை எதுவரை ஏறி, எதுவரை இறங்கியது என்று காட்டும். கடைசி இரண்டு வாரத்துக் கேண்டில்களின் நீளத்தைக் கூட்டிச் சராசரி பார்த்தால், இந்தப் பங்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆடும் என்று தெரியும். விலையைச் சுற்றி மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு ஓடும். ஆட்டம் குறைந்தால் கோடுகள் நெருங்கும், கூடினால் விலகும்.

"எந்தப் பக்கம் போகும்னு எதுலங்க பார்க்குறது?" என்று கேட்டேன்.

"அதுல அது தெரியாது. எவ்வளவு ஆடும்னுதான் தெரியும்."

"அப்ப எதுக்கு அது?"

"எவ்வளவு ஆடும்னு தெரிஞ்சாதான் எவ்வளவு தூரம் விட்டுப் பிடிக்கலாம்னு தெரியும்."

அது எனக்கு உடனே பிடிபட்டது. ஜாக்கெட்டை உடம்பு அளவுக்கு அப்படியே வெட்டினால் போட்டுக்கொண்டு கையைத் தூக்க முடியாது. மூச்சு விட, குனிய, கொடியில் துணி காயப்போட லூசு விட வேண்டும். அதிகமாக அசைகிறவளுக்குக் கூடுதல் லூசு. ஸ்டாப் லாஸ் என்பதும் அதேதான். விலை இந்த இடத்துக்கு இறங்கிவிட்டால் தானாக விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. அதைச் சும்மா ஆடுகிற ஆட்டத்துக்கே கிழிகிற மாதிரி பக்கத்தில் வைக்கக் கூடாது. ஆட்டம் பெரிதாக இருக்கிற நாட்களில் தள்ளி வைக்க வேண்டும், அதற்குத் தகுந்தாற்போலக் குறைவாக வாங்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதை இவ்வளவு நேரமாகவா சொன்னீர்கள் என்று கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது.

அன்றைக்கே ஒரு கட்டளையும் போட்டார். "வாங்குன பங்கு ஒரே நாள்ல சராசரி ஆட்டம் மாதிரி ரெண்டு மடங்கு எறங்கிடுச்சுன்னா, அது நமக்குத் தெரிஞ்ச ஆட்டம் இல்ல. வேற ஏதோ நடக்குது. கேள்வி கேக்காம வெளிய வந்துடணும். நான் இல்லேன்னாலும் நீ வித்துடு."

"உங்களைக் கேக்காமலா?"

"கேக்காம. கேட்டா நான் வேணாம்னுதான் சொல்லுவேன்."

இது ஹலாலா என்றும் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத், சொந்தக் காசில் வாங்கிக் கையில் வைத்து விற்பது வியாபாரம், இல்லாததைப் பந்தயம் கட்டுவது சூதாட்டம் என்று சொல்லியிருக்கிறார். அதனால் வட்டி வாங்கும் கம்பெனி வேண்டாம், சாராயக் கம்பெனி வேண்டாம், கடனில் வாங்குவது வேண்டாம். இத்தனை வேண்டாம்களைக் கழித்தால் மிச்சம் உரம், சிமெண்ட், மருந்து, பெயிண்ட். உரக் கம்பெனிப் பங்கு ஒன்றை அவருக்கு ரொம்பப் பிடித்தது. நமக்குத் தெரிந்த சாமான் என்பார்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. நடவு முடிந்து பயிர் பச்சை கட்டுகிற வரைக்கும் சந்தை சாதுவாக ஆடியது, அவரும் சாதுவாக இருந்தார். பதினோரு மணிக்கு டீ கேட்பார். இரண்டு பேரும் குடிப்போம். அந்த வாரங்களில் நான் ஒரு தடவைகூட மனசுக்குள் விமான டிக்கெட்டைப் பற்றி நினைக்கவில்லை. ஒரு நாள் அவர் சந்தை மூடினதும் நடைக்கு வந்து, என் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். அதை அவர் மறந்திருப்பார்.

அவர் செய்த தப்பு எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும்தான் செய்ய முடியும். மேட்டூரில் தண்ணீர் திறந்து, கல்லணைக்கு வந்து, ஆறு ஆறாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வரும்போது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் போதாது. முறை வைப்பார்கள். இத்தனை நாள் அந்த வாய்க்காலுக்கு, இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு. கடைமடைக்காரனுக்கு இதில்தான் உயிர். மேலே இருக்கிறவனுக்கு நாலு நாள் ஓடினால் ஐந்தாவது நாள் மதகு நம் பக்கம் திரும்பும். அவர் பயணம் போவதற்கு முன்னால், அத்தாவுக்காக மண்வெட்டியோடு மதகடியில் போய் நின்று முறைத் தண்ணீர் திருப்பிக்கொண்டு வந்தவர். காத்திருந்தவனுக்கு முறை வரும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியது.

அதையே சார்ட்டிலும் பார்க்க ஆரம்பித்தார். நாலு கேண்டில் சிவப்பாக விழுந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

"நாலு நாள் அவங்களுக்கு ஓடிடுச்சு. நாளைக்கு நம்ம முறை."

"யார் சொன்னா?"

"பாரேன் நீ."

"அங்க மதகுல லஸ்கர் உக்காந்திருக்காரா, நாலு நாள் ஆயிடுச்சுன்னு உங்க பக்கம் திருப்பி விட?"

மதகு திறந்து மூடுகிற அரசாங்க ஆளுக்கு லஸ்கர் என்று பெயர். நான் கேட்டதற்கு அவர் சிரித்தார். எங்கள் தெருவில் அவருக்கு மட்டும் இந்த நோய் என்று சொல்ல முடியாது. உரக்கடைக்காரர், ரிட்டயர் ஆன வாத்தியார், கணக்குத் திறந்து வைத்திருக்கிற எல்லாரும் டீக்கடையில் இதே பேச்சுதான் பேசுவார்கள் என்று அவரே வந்து சொல்லுவார். "எல்லாரும் நாளைக்குத்தான் முறைங்குறாங்க." எல்லாரும் கடைமடைக்காரர்கள்.

நாலு சிவப்புக்குப் பிறகு பச்சை வந்தால் முறை வந்துவிட்டது என்பார். வராவிட்டால் மேலே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நாளைக்கு நிச்சயம் என்பார். இரண்டு விதத்திலும் அவர் சொன்னதுதான் சரி. இப்படி ஒரு நம்பிக்கையோடு யாராலும் சண்டை போட முடியாது.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஆட்டம் கூடியது. எங்கோ சண்டை என்றார்கள், எங்கோ வரி என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது, கேண்டில்கள் நீண்டன, கோடுகள் விலகின. நான் சொன்னேன், லூசு அதிகம் விடுங்கள், பங்கைக் குறைத்து வாங்குங்கள் என்று. அவர் ஸ்டாப் லாஸைப் பழைய இடத்திலேயே வைத்தார். விலை இறங்கி அதைத் தொட்டு, விற்றுவிட்டு, உடனே மேலே ஏறும். இப்படிப் பல தடவை நடந்தது. ஒரு நாள் மேஜையில் கையை அடித்தார்.

"எனக்குன்னே பார்த்து வந்து தொட்டுட்டுப் போற மாதிரி இருக்கு. இனிமே ஸ்டாப் லாஸ் போட மாட்டேன்."

"தள்ளி வச்சா தொடாதுல்ல?"

"தள்ளி வச்சா கொஞ்சமாத்தான் வாங்கலாம். கொஞ்சமா வாங்குனா எப்ப சம்பளம் வர்றது? அறுப்பு வந்துடும்."

அறுப்பு என்கிற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதும் நான் இறங்கி வந்தேன். ஸ்டாப் லாஸ் போகட்டும். அந்த இரண்டு மடங்குக் கட்டளை மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றேன். "அது இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சுருங்கிக்கொண்டே வந்தார். பதினோரு மணி டீ ஆறிப்போய்க் கிடக்கும். என்ன கேட்டாலும் ஒரே வார்த்தை. கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. சார்ட்டில் இரண்டு கோடும் நெருங்கி வருகிற மாதிரி மனுஷன் ஒடுங்கிக்கொண்டே வந்தார். கோடுகள் இப்படி நெருங்கினால் அப்புறம் பெரிதாக ஒரு ஆட்டம் வரும், எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியாது, இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நான் நடையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே அவர் முதுகைப் பார்ப்பேன். இருபது வருஷம் இந்த மனுஷன் வீட்டில் இல்லையே என்று ஏங்கினேன். இப்போது இருக்கிறார், முதுகு மட்டும் இருக்கிறது. அலுப்பாக இருந்தது. எனக்கே என் மேல் எரிச்சலாகவும் இருந்தது, கிடைத்ததைக் குறை சொல்கிறேனே என்று.

தை பிறந்தது. அறுவடை மெஷின்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் எங்கள் ரோட்டில் போக ஆரம்பித்தன. வெயிலில் நெல் காயப்போட ரோட்டில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரம் உரக் கம்பெனிப் பங்கு திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நாலு நாளும் சிவப்பு. வெள்ளிக்கிழமை காலை சந்தை திறந்ததும் அவர் வாங்கினார். இருந்ததில் பெரும்பகுதியைப் போட்டு வாங்கினார். திரும்பி என்னைப் பார்த்து, ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தார்.

"இன்னிக்கு நம்ம முறை."

சிரித்த முகத்தைக் கெடுக்க மனசு வரவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு நாற்காலியைத் திருப்பி வைத்தார். "பார்த்துக்க." போய்விட்டார். நான் உட்கார்ந்தபோது விலை வாங்கின இடத்தில்தான் நின்றது. பாங்கு சொல்லி முடிந்தது. கறிக்குத் தேங்காய் அரைத்து ஊற்றிவிட்டு வந்து பார்த்தால் இறங்கியிருந்தது. பெரிய இறக்கம் இல்லை, தெரிந்த ஆட்டம்தான். பள்ளிவாசல் மைக்கில் குத்பா உரை கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே பார்த்தேன். ஒரு நாள் சராசரி அளவுக்கு இறங்கியது. இனி நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கேண்டில் கீழே கீழே நீண்டது. கீழ்க்கோட்டைத் தாண்டி வெளியே போனது.

போன் எடுத்தேன். அவர் போன் மேஜையில் என் முன்னாலேயே அடித்தது. ஜும்மாவுக்கு அவர் போன் எடுத்துப் போவதில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அடித்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். விற்றால் இத்தனை மாசச் சம்பாத்தியமும் போய், கையிலிருந்ததும் குறையும். அறுப்பு முடிவதற்குள் அதை எடுக்க முடியாது. அப்படியானால் அவர் போவார். விற்காமல் இன்னும் இறங்கினால் எல்லாம் போகும், அப்போதும் போவார். விற்காமல் ஏறினால் இருப்பார். இந்த மூன்றில் எது என்று எந்தச் சார்ட்டும் எனக்குச் சொல்லாது. எவ்வளவு என்று சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. யா அல்லாஹ், எந்தப் பக்கம் என்று ஒரே ஒரு தடவை காட்டிவிடு என்று வாய்விட்டுக் கேட்டேன்.

இரண்டு மடங்கைத் தாண்டியது. விற்றுவிட்டேன்.

துணியில் தப்பான இடத்தில் கத்தரி வைத்துவிட்டு, இனி வெட்டித்தான் ஆக வேண்டும் என்று வெட்டுவேனே, அப்படித்தான் இருந்தது. போய்க் கறியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினேன்.

அவர் வந்தபோது விலை கீழேயிருந்து திரும்பியிருந்தது. நின்றுகொண்டே திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ரெண்டு மடங்கு தாண்டிடுச்சு" என்றேன்.

"சரி."

"போன் பண்ணேன். போன் இங்க இருந்துச்சு."

"சரிதான். நான் சொன்னதைத்தானே செஞ்சிருக்கே."

சாப்பிடாமல் உட்கார்ந்து பார்த்தோம். விலை ஏறியது. அவர் காலையில் வாங்கின இடத்துக்கு வந்தது, அதைத் தாண்டியது. மூன்றரைக்குச் சந்தை மூடியபோது அன்றைய கேண்டில், கீழே நீளமான திரியோடு, பச்சையாக நின்றது. அவர் அந்தப் பச்சையை விரலால் தொட்டார்.

"முறை வந்துச்சு பார்த்தியா" என்றார்.

அதில் குத்தல் இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம் இருந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அது எங்களுக்குக் கொஞ்சம் உதவியிருக்கும். அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு, கறி நல்லாயிருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டார்.

அறுப்பு முடிந்த வாரம் மேனேஜருக்குப் போன் பண்ணினார். இரண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்தது. நான் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டே கேட்டேன். கேட்கக் கூடாது என்று இத்தனை நாளும் அடக்கிவைத்திருந்தேன்.

"நான் அன்னிக்கு விக்காம இருந்திருந்தா இருந்திருப்பீங்கதானே?"

கைலிகளை மடித்துக்கொண்டிருந்தவர், மடித்த ஒன்றை உதறித் திரும்ப மடித்தார். பொய் சொல்வாரோ என்று பார்த்தேன்.

"இருந்திருப்பேன்" என்றார். "அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்."

நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மதகில் லஸ்கர் இல்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. இருந்தும் காத்திருந்திருக்கிறார், வேறு எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷம் கம்பெனிக்கு, இரண்டு மாசம் வீட்டுக்கு என்று வாழ்ந்த மனுஷனுக்கு வேறு என்ன தெரியும்?

நான் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தேன்? அவர் நாலு சிவப்பை எண்ணியதற்கு அத்தனை கேலி செய்தேன். அவர் பெட்டியை மேலே வை என்று சொன்ன நாளிலிருந்து நானும் அதையேதான் எண்ணினேன். இத்தனை வருஷம் போய்விட்டது, இத்தனை பெருநாள் தனியாகப் போய்விட்டது, இனி என் முறை. எனக்கும் யாரோ மேலே உட்கார்ந்து நாள் எண்ணுகிறார், எண்ணி முடித்து என் பக்கம் திருப்புவார் என்று நம்பியிருக்கிறேன். அவரைவிட நான் பெரிய கடைமடைக்காரி.

திருச்சி விமான நிலையத்துக்கு மகளும் மருமகனும் கொண்டுபோய் விட்டார்கள். நான் போகவில்லை. அந்தக் கண்ணாடிக் கதவு முன்னால் நின்று கையசைத்தது போதும். வீட்டிலேயே ஸலாம் சொல்லி அனுப்பினேன். போனதும் தையல் மெஷினை ஜன்னலோரம் இழுத்தேன். ஒரு திரையை மகளுக்குக் கொடுத்துவிட்டேன், ஒன்றை வைத்துக்கொண்டேன்.

கணக்கில் இப்போது பங்கு எதுவும் இல்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகால் ஆனால் கை தானாகத் திரையைப் போடுகிறது. தைத்துக்கொண்டே பார்ப்பேன். அவர் அங்கே ஜும்மா முடித்துவிட்டுக் கூப்பிடும்போது இங்கே சந்தை மூடுகிற நேரம். முன்னெல்லாம் போனில் எங்களுக்குப் பேச்சே இருக்காது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், பணம் வந்துச்சா, வந்துச்சு. இப்போது பேச ஒன்று இருக்கிறது. இந்தக் கூத்தில் கிடைத்த லாபம் அதுதான்.

போன வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டார்.

"எவ்வளவு ஆடுது?"

"ஆட்டமே இல்லங்க. கோடு ரெண்டும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு."

"அப்ப பெருசா ஒண்ணு வரப்போகுது."

"வரட்டும். நீங்க எப்ப வர்றீங்க?"

"என்ன புதுசா கேக்குறே? ரெண்டு வருஷம் முடிஞ்சா லீவு முறை வந்துடும்ல."

"முறையெல்லாம் எனக்கு வேணாம்" என்றேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னது இல்லை. மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன். "முறைக்குக் காத்திருந்து எனக்கு அலுத்துப்போச்சுங்க. முட்டி வலியோட அங்க என்ன பண்றீங்க? இங்க நான் தைக்கிறது ரெண்டு பேருக்குக் காணும். சார்ட் பார்க்க வேணாம், கடை போட வேணாம். சும்மா உக்காந்து இருமிக்கிட்டு இருங்க, போதும்."

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் கூப்பிடுகிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம். வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ரெண்டு மடங்கு தாண்டிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது தாண்டி எத்தனையோ வருஷம் ஆச்சு" என்றேன். "கேள்வி கேக்காம வெளிய வந்துடுங்க."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மூன்றரை ஆகி, திரையில் எண்கள் நின்றன.